களப் பெயர் தேடலில் பழுதறிதல்

களப் பெயர் தேடலில் பழுதறிதல் என்பது, மேசைக் கணினியில் தட்டச்சு செய்யப்படும் ஓர் இணையப் பெயருக்கு உரிய எண் முகவரி கிடைக்காதபோது, அல்லது தவறான முகவரி கிடைக்கும்போது, அதன் காரணத்தைக் கண்டறியும் முறை ஆகும். இதற்கென இயங்குதளங்களில் சில சிறு கருவிகள் உள்ளன. அவற்றுள் என்எஸ்லுக்அப், டிக், ஹோஸ்ட் ஆகிய மூன்றும் பெரிதும் அறியப்பட்டவை. பெயரைத் தேடித் தரவேண்டிய இக்கருவிகளே சில வேளைகளில் பயனரைத் திசைதிருப்பி விடுகின்றன. ஆகவே கருவியின் விடையைச் சரியாகப் படித்தறிவதும் பழுதறிதலின் ஒரு பகுதியாகவே கருதப்படுகின்றது. தமிழ் எழுத்துக்களில் அமைந்த களப் பெயர்கள் புழக்கத்திற்கு வந்த பின்னர், ஆங்கிலப் பெயர்களில் காணப்படாத சில புதிய சிக்கல்களும் இத்துடன் சேர்ந்துள்ளன.

இக்கட்டுரையில் கட்டளைகளும் ஆங்கிலக் களப் பெயர்களும் ஒலிபெயர்ப்பாகத் தரப்பட்டுள்ளன. கணினியில் இடும்போது அவற்றை ரோமன் எழுத்துக்களிலேயே இடுதல் வேண்டும்.

பின்னணி

இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் கணினிகளின் பெயர்களும் அவற்றின் எண்களும் ஒரே கோப்பில் எழுதி வைக்கப்பட்டிருந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக் கழகத்தில் இருந்த இக்கோப்பினை ஏனைய கணினிகள் அவ்வப்போது படியெடுத்துக் கொண்டன. கணினிகளின் எண்ணிக்கை பெருகியபோது இம்முறை தாக்குப்பிடிக்கவில்லை. 1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் களப் பெயர் முறைமையை வடிவமைத்தார். 1987இல் வெளியான ஆர்எஃப்சி 1034, ஆர்எஃப்சி 1035 ஆகிய இரு ஆவணங்களே இன்றும் இதற்கு அடிப்படையாக உள்ளன. டிஎன்எஸ் என்னும் சுருக்கப் பெயராலேயே இது பரவலாக அறியப்படுகின்றது.

இம்முறைமையில் முழுப் பட்டியல் எந்த ஒரு கணினியிலும் இல்லை. உச்சியில் வேர் வழங்கிகள் உள்ளன. அவற்றின் கீழ் இன், காம், ஆர்க் போன்ற மேல்நிலைக் களங்களும், அவற்றின் கீழ் நிறுவனங்களின் பெயர் வழங்கிகளும் அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் தனக்கு அடுத்த நிலையில் யாரைக் கேட்கவேண்டும் என்பதை மட்டுமே அறியும். வேர் வழங்கிகளுக்கு எழுத்துக்களால் பெயரிடப்பட்டுள்ளது. உலகெங்கும் அவற்றின் படிகள் நிறுவப்பட்டுள்ளன. இந்தியாவில் 2005ஆம் ஆண்டில் எஃப் வேர் வழங்கியின் படி சென்னையிலும், ஐ வழங்கியின் படி மும்பையிலும், கே வழங்கியின் படி தில்லியை அடுத்த நொய்டாவிலும் அமைக்கப்பட்டன.

மேசைக் கணினி இவ்வளவு படிகளையும் தானே ஏறி இறங்குவதில்லை. அது தனக்கு ஒதுக்கப்பட்ட ஒரேயொரு மீள்தேடல் வழங்கியிடம் கேட்டு விட்டுக் காத்திருக்கின்றது. அவ்வழங்கி பெரும்பாலும் இணையச் சேவை வழங்குநருடையது. வீடுகளில் திசைவியே இடையில் நின்று கேள்வியை அங்கு அனுப்பி வைக்கின்றது. கிடைத்த விடை குறிப்பிட்ட வாழ்நேரத்திற்குப் பதுக்கி வைக்கப்படுகின்றது. பழுதறிதலில் ஏற்படும் குழப்பங்களில் பாதிக்கு மேல், கேள்வி இவற்றுள் எந்த இடத்தில் நின்றது என்பதை அறியாமையால் வருவனவே.

கருவிகள்

என்எஸ்லுக்அப் விண்டோஸ், லினக்ஸ், மாக் ஆகிய மூன்றிலும் கிடைக்கின்றது. பெயர் வழங்கி மென்பொருளான பைண்டினைப் பேணிவரும் அமைப்பு, ஒரு காலத்தில் இக்கருவியைக் கைவிடப்படவுள்ள கருவி என அறிவித்திருந்தது. 2004இல் வெளியான பைண்ட் 9.3 பதிப்பில் அவ்வறிவிப்பு விலக்கிக் கொள்ளப்பட்டது. ஆயினும் "அது பழையது, பயன்படுத்தலாகாது" என்னும் அறிவுரை இன்றும் ஏடுகளில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டு வருகின்றது.

டிக் கருவி வழங்கியின் விடையை ஏறத்தாழ வந்தபடியே காட்டும். விடையின் நிலைக் குறி, வாழ்நேரம், விடை தந்த வழங்கி, எடுத்த நேரம் ஆகிய அனைத்தும் ஒரே பார்வையில் கிடைப்பதால் பழுதறிவோர் இதனையே விரும்புகின்றனர். இது விண்டோஸுடன் வருவதில்லை. முன்னர் பைண்டின் விண்டோஸ் பதிப்புடன் கிடைத்து வந்தது. 2022இல் வெளியான பைண்ட் 9.18 முதல் விண்டோஸ் ஆதரவு நீக்கப்பட்டு விட்டது. விண்டோஸ் 8 முதல் பவர்ஷெல்லில் உள்ள ரிசால்வ்-டிஎன்எஸ்நேம் என்னும் கட்டளை இதற்கு ஓரளவு ஈடாகும். ஹோஸ்ட் கருவி சுருக்கமான விடை போதும் என்போருக்கு உரியது.

இவற்றைப் பயன்படுத்துவோர் முதலில் அறிய வேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. என்எஸ்லுக்அப், டிக், ஹோஸ்ட் ஆகியவை இயங்குதளத்தின் பெயர் தேடும் பகுதியைக் கேட்பதில்லை. தாமே ஒரு கேள்வியை அமைத்து நேரடியாகப் பெயர் வழங்கிக்கு அனுப்புகின்றன. ஆகவே கணினியில் உள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பினை அவை பார்ப்பதில்லை. இயங்குதளம் பதுக்கி வைத்துள்ள விடையையும் பார்ப்பதில்லை. மாறாக, பிங் கட்டளையும் உலாவி முதலிய ஏனைய மென்பொருட்களும் பொதுவாக இயங்குதளத்தின் வழியே செல்கின்றன. இதனால் பிங் ஒரு முகவரியையும் என்எஸ்லுக்அப் வேறொரு முகவரியையும் காட்டுதல் இயல்பே. இரண்டில் ஒன்று பழுதானது எனக் கொள்ளுதல் தவறு. இரண்டும் வெவ்வேறு இடங்களில் கேட்டிருக்கின்றன. லினக்ஸில் இயங்குதளத்தின் வழியே கேட்பதற்கு கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் என்னும் கட்டளையும், மாக்கில் டிஎஸ்கேஷ்யூட்டில் என்னும் கட்டளையும் உள்ளன.

விடைகளைப் படித்தல்

விண்டோஸில் என்எஸ்லுக்அப் கட்டளையை இட்டவுடன் முதல் வரியில் வழங்கியின் பெயர் "அன்நோன்" எனத் தோன்றுவதுண்டு. சில வேளைகளில் அதற்கு முன்பாகவே நேரம் கடந்து விட்டது என்னும் அறிவிப்பும் வரும். இதனைக் கண்டு இணைப்பே அறுந்து விட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், கருவி தன் வேலையைத் தொடங்குமுன் தான் கேட்கவிருக்கும் வழங்கியின் எண்ணுக்குரிய பெயரைத் தலைகீழாகத் தேடிப் பார்க்கின்றது. வீட்டுத் திசைவியின் 192.168.1.1 போன்ற தனியார் எண்களுக்கு அத்தகைய பெயர்ப்பதிவு பெரும்பாலும் இருப்பதில்லை. கீழே கேட்ட பெயருக்கு விடை வந்திருந்தால் இவ்வறிவிப்பினைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

"நான்-ஆத்தரிட்டேட்டிவ்" என்னும் சொல்லும் இவ்வாறே அச்சமூட்டுகின்றது. விடை பதுக்ககத்திலிருந்து அல்லது இடையில் உள்ள வழங்கியிலிருந்து வந்தது, உரிய பெயர் வழங்கியிடமிருந்து நேரே வரவில்லை என்பதே இதன் பொருள். நாள்தோறும் கிடைக்கும் விடைகளில் மிகப் பெரும்பான்மையானவை இத்தகையனவே.

உண்மையான பிழைகளுள் முதன்மையானது என்எக்ஸ்டொமைன். அப்பெயர் இல்லவே இல்லை என உரிய வழங்கி உறுதியாகக் கூறிவிட்டது என்பது இதன் பொருள். எழுத்துப் பிழையே இதன் வழக்கமான காரணம். இன்னொரு காரணம் பெயரின் பின்னொட்டு. அலுவலகக் கணினிகளில் ஒரு பின்னொட்டு முன்கூட்டியே அமைக்கப்பட்டிருந்தால், என்எஸ்லுக்அப் தரப்பட்ட பெயருடன் அதனையும் ஒட்டிக் கேட்டுப் பார்க்கும். பெயரின் இறுதியில் ஒரு புள்ளி இட்டால் பெயர் அங்கேயே முடிந்தது எனக் கருவி ஏற்றுக்கொள்ளும். இச்சிறு புள்ளி பல மணி நேர உழைப்பை மிச்சப்படுத்தக் கூடியது.

இல்லை என்னும் விடையும் பதுக்கி வைக்கப்படுகின்றது. 1998இல் வெளியான ஆர்எஃப்சி 2308 இதனை வரையறுத்தது. புதிதாக ஒரு பெயரைப் பதிவு செய்பவர், பதிவு நிறைவேறும் முன்னரே ஆவலுடன் அதனைத் தேடிப் பார்த்தால், "இல்லை" என்பதே அவரது வழங்கியில் சிறிது நேரம் தங்கிவிடும். பக்கத்து வீட்டில் திறக்கும் தளம் அவரது வீட்டில் மட்டும் திறக்காமல் இருப்பது இதனால்தான்.

இல்லாத பெயருக்கும் விடை வரும் நிலையும் உண்டு. 2003ஆம் ஆண்டு செப்டெம்பர் 15 முதல் அக்டோபர் 4 வரை, காம் களத்தை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனம், பதிவு செய்யப்படாத எல்லாப் பெயர்களுக்கும் தனது தேடுபக்கத்தின் முகவரியைத் தந்தது. எதிர்ப்பு வலுக்கவே அது நிறுத்தப்பட்டது. இணையச் சேவை வழங்குநர் சிலரும் தம் வழங்கிகளில் இதே உத்தியைக் கையாண்டதுண்டு. இதனைக் கண்டறிய, யாரும் பதிவு செய்திருக்க இயலாத ஒழுங்கற்ற எழுத்துத் தொடர் ஒன்றைத் தேடிப் பார்த்தல் போதும்.

செர்வ்ஃபெயில் என்பது வேறு வகை. பெயர் இருக்கின்றதா இல்லையா என அறிய முடியவில்லை என மீள்தேடல் வழங்கி கைவிரிப்பதாகும். 2021ஆம் ஆண்டு அக்டோபர் 4 அன்று இந்திய நேரம் இரவு ஒன்பது மணியளவில் முகநூல், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம் ஆகிய மூன்றும் ஒருசேர மறைந்தன. ஏறத்தாழ ஆறு மணி நேரம் நீடித்த இந்நிகழ்வில் முகநூலின் பெயர் வழங்கிகளுக்குச் செல்லும் வழித்தடங்களே இணையத்திலிருந்து விலக்கப்பட்டு விட்டன. அன்றிரவு தம் கணினியிலும் திசைவியிலும் பழுதைத் தேடியோர் ஏராளம். டிக் இட்டுப் பார்த்தவர்களுக்குச் செர்வ்ஃபெயில் கிடைத்தது. பெயர் இல்லை என்று வரவில்லை. பழுது தம் வீட்டில் இல்லை என்பதற்கு அது போதிய சான்றாகும்.

ரெஃப்யூஸ்டு எனில் கேட்கப்பட்ட வழங்கி இவருக்கு விடை தர மறுக்கின்றது. ஒரு சேவை வழங்குநரிடமிருந்து மற்றொருவருக்கு மாறிய பின்னும் பழைய வழங்கியின் எண்ணைக் கணினியில் விட்டு வைப்போருக்கு இது நேர்கின்றது. விடையே வராமல் நேரம் கடப்பின், 53ஆம் எண் போர்ட் தீச்சுவரால் அடைக்கப்பட்டிருத்தல் கூடும்.

தமிழ்க் களப் பெயர்கள்

களப் பெயர்களில் நெடுங்காலம் ரோமன் எழுத்துக்களும் எண்களும் இணைகோடும் மட்டுமே பயன்படுத்தப்பட்டன. பிற எழுத்துக்களுக்கு இடமளிக்கும் முயற்சிகளுள் ஒன்று 1998ஆம் ஆண்டில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டான் டின் வீ தலைமையில் தொடங்கப்பட்டது. இவர் நா. கோவிந்தசாமியுடன் இணைந்து தமிழ் இணையத்தின் தொடக்கப் பணிகளில் 1995 முதல் ஈடுபட்டவர் என்பது குறிப்பிடத்தக்கது. 2003இல் ஐடிஎன்ஏ என்னும் தரமும் அதன் குறிமுறையான புனிகோடும் வெளியிடப்பட்டன. 2010இல் அத்தரம் திருத்தப்பட்டது.

2007ஆம் ஆண்டு அக்டோபரில் ஐகான் அமைப்பு, வேர் வழங்கிகளில் பதினொரு சோதனைக் களங்களைச் சேர்த்தது. அவற்றுள் தமிழும் ஒன்று. உதாரணம்.பரிட்சை என்னும் முகவரியில் ஒரு சோதனைத் தளம் இயங்கியது. அகராதிகளில் "பரீட்சை" என நெடிலுடன் காணப்படும் சொல் இங்கு "பரிட்சை" எனக் குறிலுடன் பதிவாகியிருந்தது. இலக்கணப்படி எழுதியவருக்கு என்எக்ஸ்டொமைன்தான் கிடைத்திருக்கும். கணினிக்கு ரி வேறு, ரீ வேறு; அகராதி அதற்குத் தெரியாது. இச்சோதனைக் களங்கள் 2013ஆம் ஆண்டு அக்டோபரில் நீக்கப்பட்டன. எனவே பழைய நூல்களில் எடுத்துக்காட்டாகத் தரப்பட்டுள்ள அம்முகவரியை இன்று தேடுவோருக்குக் கிடைக்கும் பிழை, அவரது கணினியின் பிழை அன்று. இதற்கிடையில் இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் தமிழ்ப் பெயர்கள் 2010, 2011ஆம் ஆண்டுகளில் நிலையான மேல்நிலைக் களங்களாகச் சேர்க்கப்பட்டன.

தமிழ்ப் பெயர் பெயர் வழங்கிக்குத் தமிழாகவே செல்வதில்லை. உலாவி அதனை புனிகோடாக, அதாவது எக்ஸ், என் என்னும் இரு எழுத்துக்களும் இரு இணைகோடுகளும் முன்னே கொண்ட ரோமன் தொடராக, மாற்றி அனுப்புகின்றது. எடுத்துக்காட்டாக, இந்தியா என்னும் மேல்நிலைக் களம் எக்ஸ்என்--எக்ஸ்கேசி2டிஎல்3ஏ5இஇ0எச் என்று பதிவாகியுள்ளது. பார்வைக்குப் பொருளற்றதாகத் தோன்றினும் இதற்கொரு தேவை உண்டு. பெயரின் ஒவ்வொரு பகுதியும் 63 எண்பிட்டுகளுக்கு மேற்படக் கூடாது என்பது விதி. யூனிகோடில் "திருச்சிராப்பள்ளி" என்னும் ஒன்பது எழுத்துச் சொல் பதினேழு குறியீடுகளால் ஆனது. யுடிஎஃப்-8 முறையில் அது 51 எண்பிட்டுகளைப் பிடிக்கும். இருபத்திரண்டு குறியீடுகள் கொண்ட ஒரு சொல் எல்லையைக் கடந்து விடும். புனிகோடு அடுத்தடுத்த குறியீடுகளின் வேறுபாட்டை மட்டும் எழுதுவதால் இடம் மிகவும் குறைகின்றது.

இம்மாற்றத்தைச் செய்ய வேண்டியது பெயர் வழங்கியன்று, கேட்கும் மென்பொருளே. தேடல் கருவிகள் இங்குதான் தடுமாறுகின்றன. புதிய டிக் பதிப்புகள், ஐடிஎன் ஆதரவுடன் தொகுக்கப்பட்டிருந்தால், தமிழில் தந்த பெயரைத் தாமே மாற்றிக் கொள்ளும். ஆதரவின்றித் தொகுக்கப்பட்டிருந்தால் தமிழின் எண்பிட்டுகளை அப்படியே அனுப்பிவிடும். அவ்வாறான பெயர் எங்கும் பதிவில் இல்லாததால் என்எக்ஸ்டொமைன் வரும். தளமோ உலாவியில் நன்றாகத் திறக்கும். விண்டோஸின் என்எஸ்லுக்அப்பினை இவ்விடயத்தில் நம்புவதற்கில்லை. மேலும், அதன் மரபான கட்டளைச் சாளரத்தில் தமிழ் பெட்டிகளாகவோ வினாக்குறிகளாகவோ தோன்றுவதால், என்ன கேட்கப்பட்டது என்பதே பயனருக்குத் தெரிவதில்லை. ஆகவே தமிழ்ப் பெயர் ஒன்று இல்லை எனக் கருவி கூறின், முதலில் அப்பெயரைப் புனிகோடாக மாற்றிக் கொண்டு அத்தொடரையே மீண்டும் தேடிப் பார்க்க வேண்டும். இதனைச் செய்யாமல் தமிழ்க் களப் பெயர்கள் வேலை செய்வதில்லை எனத் தீர்ப்பளிப்பது பொருத்தமன்று. அத்தகைய தீர்ப்புகள் நிறுவனங்கள் தமிழ்ப் பெயரைக் கைவிட்டு ஆங்கிலப் பெயருக்கே திரும்பக் காரணமாகி விடுகின்றன.

புனிகோடாக மாற்றிய பின்னும் விடை வராத நிலை உண்டு. இதற்குத் திருவரங்கம் நல்லதோர் எடுத்துக்காட்டு. "ஸ்ரீரங்கம்" என்னும் சொல்லின் முதல் வடிவத்தை யூனிகோடில் இரு வகையாக எழுதலாம். யூனிகோடு 4.1 பதிப்பு 2005இல் வெளியாகும் வரை, ஸ், ர, ஈகாரக் குறி ஆகியவற்றின் சேர்க்கையாகவே அது எழுதப்பட்டது. அப்பதிப்பில் ஶ என்னும் எழுத்து தமிழ்த் தொகுதியில் சேர்க்கப்பட்டதும், ஸ் இருந்த இடத்தில் ஶ் இட்டு எழுதுவதே உகந்த முறையெனக் கொள்ளப்பட்டது. இரண்டு முறைகளும் இன்றும் புழக்கத்தில் உள்ளன. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகவே திரையில் தோன்றுகின்றன. யூனிகோடின் இயல்பாக்க விதிகள் இவ்விரண்டையும் ஒன்றாக்குவதில்லை. ஆகவே புனிகோடு வடிவங்கள் வேறு வேறு. களப் பெயர் முறைமையைப் பொறுத்தவரை அவை இரு வேறு பெயர்கள். ஒருவர் ஒரு விசைப்பலகையில் பதிவு செய்த பெயரை மற்றொருவர் வேறு விசைப்பலகையில் தட்டினால் இல்லை என்னும் விடை வரலாம். அதனினும் கவலைக்குரியது, அப்பெயரின் மறு வடிவத்தைப் பிறர் பதிவு செய்து கொள்ளும் வாய்ப்பாகும். காணிக்கையோ கட்டணமோ பெறும் தளங்கள் இவ்வகையில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டியவை.

ஔகாரத்திலும் இத்தொல்லை உண்டு. ஔ என்பது தனியொரு குறியீடு. ஒ, ள ஆகிய இரு எழுத்துக்களை அடுத்தடுத்து இட்டாலும் திரையில் ஏறத்தாழ அதே தோற்றம் கிடைக்கும். ஔவையார் பெயரை இவ்விரு வகையிலும் எழுதியுள்ள பக்கங்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கும். மாறாக, கொ, கோ போன்ற உயிர்மெய்களில் ஒற்றைக் குறியையோ இரண்டு பகுதிகளையோ இட்டாலும் இயல்பாக்கம் அவற்றை ஒன்றாக்கி விடுவதால் அங்கு சிக்கல் எழுவதில்லை.

கண்ணுக்கே தெரியாத குறியும் ஒன்றுண்டு. க், ஷ இரண்டும் சேர்ந்து கூட்டெழுத்தாகி விடாமல் தடுக்க இடையில் இடப்படும் அகலமில்லா இணைப்பு நீக்கியே அது. 2003ஆம் ஆண்டுத் தரம் அக்குறியை நீக்கி விட்டுப் புனிகோடாக்கியது. 2010ஆம் ஆண்டுத் தரம் புள்ளிக்குப் பின் அது வருவதை அனுமதிக்கின்றது. ஆகவே ஒரு கருவி பழைய தரத்தையும் உலாவி புதிய தரத்தையும் பின்பற்றினால், ஒரே கணினியில் ஒரே பெயருக்கு இரு விடைகள் கிடைக்கக் கூடும். பெயரை ஒரு பக்கத்திலிருந்து வெட்டி ஒட்டாமல் கையால் மீண்டும் தட்டிப் பார்ப்பது இதனைக் கண்டறிய எளிய வழி.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பெயர் திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே ரோமன் எழுத்துக்களே. அதனை முகவரிப் பட்டையில் ஒட்டினால் ஒன்றும் கிடைக்காது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றபோது மாற்றாக அங்கீகரித்த டேஸ்16 குறியாக்கமும் இதற்கு உதவாது. அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் அமைந்திருப்பதால் களப் பெயர்களில் தடை செய்யப்பட்டுள்ளது.

கருவி ஒன்று கூற உலாவி வேறொன்று காட்டுதல்

கருவிக்குச் சரியான முகவரி கிடைத்தும் உலாவியில் வேறு தளம் திறந்தால், முதலில் பார்க்க வேண்டியது ஹோஸ்ட்ஸ் கோப்பு. விண்டோஸில் இது சிஸ்டம்32 அடைவினுள் டிரைவர்ஸ், அதனுள் ஈடிசி என்னும் அடைவில் உள்ளது. லினக்ஸில் ஈடிசி அடைவிலேயே இருக்கும். ஆர்பாநெட் காலத்துக் கோப்பின் எச்சமான இது, இன்றும் பெயர் வழங்கிகளுக்கு முந்திக்கொண்டு விடை தருகின்றது. தீநிரல்கள் வங்கிகளின் பெயர்களை இதில் எழுதி வைத்ததுண்டு. எதிர்நச்சு நிரல்களின் இற்றைப்படுத்தல் தளங்களைத் தடுக்கவும் இது பயன்படுத்தப்பட்டது.

அடுத்தது பதுக்ககம். விண்டோஸில் ஐபிகான்ஃபிக் கட்டளையுடன் ஃப்ளஷ்டிஎன்எஸ் என இட்டால் இயங்குதளத்தின் பதுக்ககம் காலியாகும். ஆனால் உலாவிக்கும் திசைவிக்கும் தனித்தனிப் பதுக்ககங்கள் உண்டு என்பதைப் பலர் மறந்து விடுகின்றனர்.

2018ஆம் ஆண்டு அக்டோபரில் ஆர்எஃப்சி 8484 வெளியான பின்னர், உலாவிகள் களப் பெயர்க் கேள்விகளை மறைகுறியாக்கி, வழக்கமான 53ஆம் போர்ட்டைத் தவிர்த்து, தாம் தேர்ந்த வழங்கிக்கு நேரே அனுப்பும் வசதியைப் பெற்றன. இவ்வசதி இயங்கும்போது இயங்குதளத்தில் அமைத்த பெயர் வழங்கியை உலாவி கேட்பதில்லை. அலுவலக உள்வலையில் மட்டும் உள்ள பெயர்கள் என்எஸ்லுக்அப்பில் கிடைத்து உலாவியில் கிடைக்காமல் போவதற்கு இதுவே காரணமாகலாம்.

கணினியின் பெயர் வழங்கி அமைப்பே திருடப்படுவதும் உண்டு. டிஎன்எஸ்சேஞ்சர் என்னும் தீநிரல் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ நாற்பது இலட்சம் கணினிகளில் வழங்கியின் எண்ணை மாற்றி, தவறான விடை தரும் வழங்கிகளுக்குத் திருப்பியது. 2011 நவம்பரில் அமெரிக்க எஃப்பிஐ அக்கும்பலைப் பிடித்தது. உடனே அவ்வழங்கிகளை நிறுத்தினால் பாதிக்கப்பட்டோர் அனைவருக்கும் இணையம் நின்றுவிடும் என்பதால், நல்ல வழங்கிகள் அவ்விடத்தில் வைக்கப்பட்டு 2012 சூலை 9 வரை இயக்கப்பட்டன. தமக்குத் தெரியாமலேயே அவற்றை நம்பியிருந்தோர் அன்று பெயர் தேடலை இழந்தனர். ஐபிகான்ஃபிக் கட்டளையுடன் ஆல் என இட்டு, பட்டியலில் உள்ள எண் யாருடையது என ஆண்டுக்கு ஒருமுறையேனும் பார்த்துக் கொள்வது மிகையன்று.

தடை காரணமாகவும் விடை மாறலாம். 2012ஆம் ஆண்டில் "3", "தம்மு" ஆகிய திரைப்படங்களின் திருட்டுப் படிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையைத் தொடர்ந்து, சேவை வழங்குநர்கள் பல தளங்களை முழுமையாகவே அடைத்தனர். குறிப்பிட்ட பக்கங்களுக்கு மட்டுமே ஆணை பொருந்தும் என அவ்வாண்டு சூன் மாதத்தில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தடையைச் செயற்படுத்தும் முறைகளுள் ஒன்று, மீள்தேடல் வழங்கியில் பொய்யான முகவரியைத் தருவதாகும். ஒரே பெயரைச் சேவை வழங்குநரின் வழங்கியிடமும், 8.8.8.8 அல்லது 1.1.1.1 அல்லது 9.9.9.9 போன்ற பொது வழங்கியிடமும் கேட்டு ஒப்பிட்டால் இது வெளிப்படக் கூடும். எனினும் முகவரிகள் மாறுபட்டால் உடனே தடை என முடிவு செய்யலாகாது. பெரிய தளங்கள் கேட்பவரின் இடத்திற்கேற்ப அருகில் உள்ள வழங்கியின் எண்ணைத் தருவது வழக்கம்.

ஓர் எடுத்துக்காட்டு

திருச்சிராப்பள்ளி புத்தூரில் உள்ள பிஷப் ஹீபர் கல்லூரியின் களப் பெயர் பிஎச்சி.எட்யு.இன் ஆகும். புத்தூரிலேயே ஒரு வீட்டு மேசைக் கணினியில் இத்தளம் திறக்கவில்லை எனக் கொள்வோம். கல்லூரி ஒரு கல் தொலைவில் இருப்பினும் பெயருக்கான கேள்வி ஊருக்குள் சுற்றுவதில்லை. டிக் கட்டளையுடன் +ட்ரேஸ் என இட்டால், வேர் வழங்கி இன் களத்தின் வழங்கிகளையும், அவை கல்லூரிக்குரிய பெயர் வழங்கிகளையும் கைகாட்டுவதைப் படிப்படியாகக் காணலாம். பெயரில் புள்ளி இருக்கும் இடமெல்லாம் தனி வழங்கி இருக்கும் எனக் கருத வேண்டியதில்லை, எட்யு.இன் போன்ற இடைப்பகுதிகள் மேலுள்ள மண்டலத்திலேயே அடங்கியிருக்கவும் கூடும். இத்தேடலின்போது டிக் தானே படியிறங்குகின்றது, இறுதி விடையைச் சேவை வழங்குநரின் வழங்கியிடம் கேட்பதில்லை என்பது இதன் சிறப்பு. ஆகவே +ட்ரேஸ் சரியான முகவரியைத் தந்து, சாதாரணத் தேடல் தவறினால், பழுது இடையில் உள்ள மீள்தேடல் வழங்கியில் அல்லது திசைவியில் உள்ளது. +ட்ரேஸும் இறுதிப் படியில் நின்றுவிட்டால் தளத்தின் பெயர் வழங்கியே விடை தரவில்லை. இரண்டும் சரியெனில் கேள்வி பெயரைப் பற்றியதே அன்று.

மூன்றாவது நிலையைப் பெற்றோர் ஆண்டுதோறும் காண்கின்றனர். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் காலை, முடிவுகளைத் தரும் அரசுத் தளம் திறக்கவில்லை எனில் பெயர் வழங்கியை மாற்றுமாறு அறிவுரைகள் பறக்கும். என்எஸ்லுக்அப் உடனடியாக ஓர் எண்ணைத் தந்து விட்டால், பெயர் தேடல் தன் கடமையை முடித்து விட்டது. நெரிசலில் திணறுவது வலை வழங்கி. அந்நேரத்தில் அமைப்புகளை மாற்றுவதால் பயனில்லை. அரசுத் தளங்களின் பெயர்கள் கவ்.இன் அல்லது நிக்.இன் என முடிவதை உறுதி செய்து கொண்டு காத்திருப்பதே தக்கது. முடிவு தருவதாகக் கூறி அதே சாயலில் அமைந்த வேறு பெயரைத் தேடல் கருவி சரியான பெயராகவே காட்டும். பெயர் பதிவில் உள்ளதா என்பதை மட்டுமே அது அறியும், அது யாருடையது என்பதை அறியாது.

கடிகாரம்

பழைய மேசைக் கணினிகளில் எவரும் ஐயுறாத காரணம் ஒன்றும் உண்டு. தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 என்னும் பொத்தான் மின்கலம் தீர்ந்து போனால், மின்சாரம் நின்று வரும் ஒவ்வொரு முறையும் கணினியின் நாள் பல ஆண்டுகள் பின்னே சென்றுவிடும். களப் பெயர் விடைகளுக்கு மின்கையொப்பமிடும் டிஎன்எஸ்செக் முறையில் ஒவ்வொரு கையொப்பத்திற்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. வேர் மண்டலம் 2010 சூலை 15 முதல் இவ்வாறு கையொப்பமிடப்பட்டு வருகின்றது. லினக்ஸில் அன்பவுண்ட் போன்ற சரிபார்க்கும் வழங்கியைத் தம் கணினியிலேயே நிறுவியிருப்போருக்கு, நாள் தவறினால் கையொப்பமுள்ள பெயர்கள் அனைத்தும் செர்வ்ஃபெயில் எனத் தவறும். கையொப்பமில்லாப் பெயர்களும் வேரின் கையொப்பத்தைச் சரிபார்க்க இயலாததால் உடன் தவறலாம். கணினி சரியான நேரத்தை இணையத்திலிருந்து பெற முயலும். ஆனால் நேர வழங்கியின் பெயரையும் தேடித்தான் ஆக வேண்டும் என்பதால் அதுவும் இயலாது போகும். டிக் கட்டளையுடன் +சிடி எனச் சேர்த்தால் சரிபார்ப்பு தவிர்க்கப்படும். அவ்வாறு கேட்கும்போது மட்டும் விடை கிடைப்பின், திரையின் மூலையில் உள்ள நாளைப் பார்க்க வேண்டும். மறைகுறியாக்கிய தேடலைப் பயன்படுத்தும் உலாவிகளும் சான்றிதழின் காலம் பொருந்தாமல் இதே காரணத்தால் நின்றுவிடுகின்றன. நாளைக் கையால் திருத்தினால் அப்போதைக்குத் தேடல் இயங்கும். மின்கலத்தை மாற்றாத வரை அடுத்த மின்வெட்டுக்குப் பின் மீண்டும் அதே நிலையே.